சின்னாத்தாளுக்கு முப்பத்து மூன்று பவுண்டு காற்று

கோயமுத்தூர் ரயிலடியில் வாடகைக் கார் வைத்திருந்த காளிச்சாமிக் கவுண்டரைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. அவர் வண்டியில் ஏறினால் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது ஒன்று. போய்ச் சேரும்போது இடுப்பு இருந்த இடத்தில் இருக்காது என்பது இன்னொன்று. இரண்டும் உண்மைதான். மனுஷர் ஓட்டுவதில் கெட்டி. ஆள் மேலோ மாட்டின் மேலோ இடித்ததாக ஒரு சொல் கிடையாது. டயருக்குக் காற்றடிப்பதில்தான் அவருக்கு ஒரு பிடிவாதம். டயர் கல் மாதிரி இருக்க வேண்டும். சட்டையைக் கழற்றி வண்டி மேல் போட்டுவிட்டு, கைப் பம்பைக் காலால் மிதித்துக்கொண்டு அடிப்பார், அடிப்பார், வேர்த்து விறுவிறுக்க அடிப்பார். அப்புறம் முஷ்டியை மடக்கி டயரில் ஒரு குத்து விடுவார். கை வலித்தால் காற்று சரி. வலிக்கவில்லை என்றால் மறுபடியும் பம்பு.

இந்தக் கணக்கை அவர் கனவில் கண்டு எடுக்கவில்லை. முதலில் அவர் ஓட்டிய வண்டிக்குச் சன்னமான டயர். அறுபது பவுண்டு காற்று இல்லாவிட்டால் அது பட்டையாகப் படுத்துக்கொள்ளும். அப்போது பழகிய குத்து அது. பிறகு அந்த வண்டி போய்த் தடித்த டயர் போட்ட வண்டி வந்தது. இந்த டயருக்கு அதில் பாதிக் காற்றுப் போதும் என்று சொல்ல ஆள் இருந்தது, கேட்கத்தான் காளிச்சாமி இல்லை. டயர் மாறியது, வண்டி மாறியது, குத்து மாறவில்லை.

பேச்சிலும் அவர் அப்படித்தான், ரொம்பச் சிக்கனம். "வாயில என்னங்க, கொழுக்கட்டையா?" என்று பெண்டாட்டி நாச்சியம்மாள் கேட்பாள். "ம்" என்பார். அந்த 'ம்' கேள்விக்கா, கொழுக்கட்டைக்கா என்று கட்டிக்கொண்டவளுக்கே தெரியாது. சவாரிக்காரர்களுக்கு இது பிடிக்கும், வழியெல்லாம் கதை கேட்க வேண்டியதில்லை. வீட்டுக்காரர்களுக்குத்தான் கஷ்டம்.

அவரைப் பேச வைக்கக்கூடிய ஒரே ஆள் அவருடைய அக்கா வள்ளியாத்தாள். தாயும் தகப்பனும் ஒரே கோடையில் காலராவில் போனபோது காளிச்சாமி நடை பழகிய குழந்தை. அக்காவுக்கு இருகூரில் கல்யாணம் ஆயிற்று. புருஷன் வீட்டுக்குப் போனவள் ஒரு இடுப்பில் சீர்க் கூடையும் இன்னொரு இடுப்பில் தம்பியுமாகப் போய் இறங்கினாள். அந்த வீட்டில் யாரோ முகத்தைச் சுளித்தார்களாம். "தம்பிக்குச் சோறு இல்லாத ஊட்டுல எனக்கும் சோறு வேண்டாமுங்க" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். ஆளும் பெரிய ஆள், குரலும் பெரிய குரல். அதற்கப்புறம் அந்த வீட்டில் முகம் சுளிப்பது நின்று போனது. காளிச்சாமி அந்த வீட்டில்தான் வளர்ந்தார். பஸ்ஸில் கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, சொந்த வண்டி வைத்த பிறகும் அமாவாசைக்கு அமாவாசை இருகூர் போய் அக்கா கையால் சாப்பிட்டுவிட்டு வருவார்.

காளிச்சாமிக்கு ஒரே மகள், சின்னாத்தாள். உடுமலைப்பேட்டையைத் தாண்டி, கொமரலிங்கத்துப் பக்கம் அமராவதி ஆற்றோரத்தில் ஒரு ஊரில் கொடுத்திருந்தார்கள். நெல்லும் கரும்பும் விளைகிற பூமி, நல்ல மாப்பிள்ளை. முதல் தடவை உண்டானபோது ஐந்தாம் மாதம், கோனியம்மன் தேருக்கு என்று பெண் பிறந்த வீட்டுக்கு வந்தாள். ஊரிலிருந்து உடுமலை ஸ்டேஷன் வரைக்கும் கட்டை வண்டி, அங்கிருந்து ரயில், போத்தனூரில் இறங்கி வேறு ரயில், கடைசியில் ஜட்கா. தேர் பார்ப்பதற்கு முன்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மறுநாள் எல்லாம் முடிந்து போயிற்று. ஆஸ்பத்திரி டாக்டரம்மா, இதற்கும் வண்டிக்கும் சம்பந்தமில்லை, சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்றாள். அதை யார் காதில் வாங்கினார்கள்? கட்டை வண்டிக் குலுக்கலில்தான் போனது என்று இரண்டு வீட்டிலும் தீர்மானமாகிவிட்டது. ஒருவர் மேல் ஒருவர் பழி போடவில்லை. சாலை மேலே போட்டார்கள், அந்த மட்டும் நல்லது.

முப்பத்தாறாம் வருஷம் சின்னாத்தாள் மறுபடியும் உண்டானாள். ஏழாம் மாதம் காளிச்சாமியும் நாச்சியம்மாளும் சம்பந்தி வீட்டுக்குப் போய், கட்டுச்சோறு எப்போது கொண்டுவரலாம் என்று கேட்டார்கள். பிறந்த வீட்டார் தினுசு தினுசாகச் சோறு கட்டி எடுத்துப் போய், பெண்ணுக்கு விருந்து போட்டு, கையோடு தலைப்பிரசவத்துக்குக் கூட்டி வருகிற வழக்கம் அது. மாப்பிள்ளையின் தாயார் பொன்னாத்தாள் மோர் கொடுத்தாள், வெற்றிலை கொடுத்தாள், கேட்டதை மட்டும் கொடுக்கவில்லை.

"சோறு தாராளமாக் கொண்டாங்க. ஆனா புள்ளைய அனுப்ப மாட்டேனுங்க. இங்கயே பொறக்கட்டும்" என்றாள்.

உள்ளே கதவுக்குப் பின்னால் சின்னாத்தாள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நம்மூட்டுக்கு வந்தாத்தானுங்கம்மா எனக்குத் தைரியம். இங்க எல்லாரும் என்னைப் பாக்கற பார்வையிலயே பயம் வந்துருதுங்க" என்றாள். அந்தச் சத்தம் வெளியே காளிச்சாமிக்குக் கேட்டது. துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிப் போட்டார்.

"அலுங்காமக் கூட்டிப் போறனுங்க. என்ற கார்ல" என்றார்.

பொன்னாத்தாள் சிரித்துவிட்டாள். நல்ல மனுஷிதான், ஆனால் சிரிப்பை அடக்கத் தெரியாதவள். "உங்க கார்லயா? போன தைக்கு அதுல பழனி போயிட்டு வந்து மூணு நாள் எண்ணெய் தேச்சேனுங்க நான்" என்றாள். பிறகு சம்பந்தி முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தாள். "செரி, நானும் கூடவே வாரேன். அப்புசாமியும் வரட்டும். வழியில என்ற மருமக வவுத்தப் புடிச்சான்னு வெச்சுக்கங்க, அங்கயே எறக்கி, பக்கத்து ஊர்ல கட்டல் கேட்டுப் படுக்க வெச்சுப்போடுவேன். அப்பறம் பொறந்த ஊட்டுப் பேச்சே எடுக்கக் கூடாது." அப்புசாமி என்றது அவள் மகனை, காளிச்சாமியின் மாப்பிள்ளையை.

காளிச்சாமி "ம்" என்றார்.

கோயமுத்தூர் திரும்பியதும் நேரே ஒப்பணக்காரத் தெருவில் டயர் கடை வைத்திருந்த சுந்தரராஜுலுவிடம் போனார். பல வருஷமாகப் பாதிக் காற்றுப் போதும் என்று தொண்டை வற்றக் கத்தியவர் அந்த நாயுடுதான். காளிச்சாமி தானாகவே வந்து "காத்து எத்தனை வெக்கோணுமுங்க?" என்று கேட்டதும், கடையில் இருந்தவர்களைக் கூப்பிட்டுச் சாட்சி வைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு மழை கொட்டப் போகுதுங்க, குடை எடுத்துக்கங்க எல்லாரும்" என்றார். அப்புறம் பேனா மாதிரி ஒரு கேஜை எடுத்து டயரின் வால்வில் அழுத்திக் காட்டினார். உள்ளேயிருந்து கோடு போட்ட குச்சி ஒன்று சரேலென்று வெளியே வந்தது. ஐம்பத்திரண்டு. "கவுண்டரே, இது டயர் இல்ல, உரலு. வண்டிக்காரன் பொஸ்தகத்துல முப்பது முப்பத்தஞ்சுக்குள்ளன்னு போட்டிருக்கான். உங்க ரோட்டுக்கும் உங்க பாரத்துக்கும் எதுன்னு நீங்கதான் ஓட்டிப் பாத்துக் கண்டுபிடிக்கோணும்."

கண்டுபிடிக்கிற வேலையில் காளிச்சாமி இறங்கினார். விடிந்ததும் நாச்சியம்மாளைப் பின் சீட்டில் உட்கார வைத்து, மடியில் ஒரு பித்தளைச் செம்பில் கழுத்து வரைக்கும் தண்ணீர் கொடுத்துவிடுவார். அவளுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பருத்திக்கொட்டை மூட்டை. முன் சீட்டில் இன்னொரு மூட்டை. சின்னாத்தாள், அவள் தாய், பொன்னாத்தாள், முன்னால் மாப்பிள்ளை என்று வரப்போகிற பாரத்துக்கு அது கணக்கு. எதற்கு மூட்டை, எதற்குத் தண்ணீர் என்று பெண்டாட்டிக்கு ஒரு வார்த்தை சொன்னாரா என்றால், இல்லை.

"என்னையும் ஒரு மூட்டைன்னு நெனச்சுப்போட்டீங்க போல" என்றாள் அவள்.

"செம்பைப் புடி" என்றார்.

பொள்ளாச்சி ரோட்டில் வண்டி போகும். மாட்டுவண்டிச் சக்கரங்கள் அறுத்த தடமும் பெயர்ந்த ஜல்லியுமாகக் கிடக்கிற ரோடு. பழைய ஐம்பத்திரண்டில் ஈச்சனாரி போவதற்குள் செம்பில் பாதி நாச்சியம்மாள் சேலையில் இருந்தது. அடுத்த நாள் தடாலென்று இருபத்தெட்டுக்கு இறக்கினார். ஆகா, தொட்டில் மாதிரி போயிற்று. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. காளிச்சாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். ஒரு மரத்தடியில் நிறுத்திக் கேஜை வைத்துப் பார்த்தால் முப்பத்தேழு காட்டியது. கை வைத்தால் டயர் சுட்டது.

காற்று ஏறியிருந்தால் இறக்குவதுதானே நியாயம்? பானையில் பொங்கினால் மூடியைத் திறக்கிறோம். காளிச்சாமியும் வால்வை அழுத்தி, புஸ்ஸென்று ஒன்பது பவுண்டை வெளியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தார். கிணத்துக்கடவு மலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பின்னால் வெடிச் சத்தம் கேட்டது. வண்டி பாம்பாக நெளிந்து ரோட்டோரப் புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றது. செம்பு உருண்டோடிப் போய்விட்டது. நாச்சியம்மாள் பருத்திக்கொட்டை மூட்டைக்கு அடியிலிருந்து எழுந்து, தலைமுடியை முடிந்துகொண்டு, "இப்படித்தான் கூட்டிட்டு வரப் போறீங்களா என்ற புள்ளைய?" என்று கேட்டாள்.

காளிச்சாமி மூட்டையைப் பார்த்தார். இந்த மூட்டை இருந்த இடத்தில் மகள் இருந்திருந்தால் என்று நினைத்தார். ஸ்டெப்னியை மாட்டி வண்டியை வீட்டுக்குத் திருப்பினார். அன்றைக்குச் சவாரிக்கும் போகவில்லை.

சுந்தரராஜுலு கிழிந்த டயரைப் புரட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "சூடானப்ப எறக்கினீங்களா? அட கடவுளே! காத்து கம்மியா இருந்தா டயரு நசுங்கி நசுங்கி உள்ளயே வேகும். வெந்தா காத்து ஏறும். அது ஏறுனா, 'எனக்குப் பத்தல பத்தல'ன்னு அது கத்துதுன்னு அர்த்தம். நீங்க இருந்ததையும் புடுங்கிப்போட்டீங்க." அப்புறம் நிதானமாகச் சொன்னார். காலையில் ஆறின டயரில், நிழலில் வைத்து அளக்க வேண்டும். நல்ல தூரம் ஓடினபின் மறுபடியும் அளக்க வேண்டும். நாலைந்து பவுண்டு ஏறினால் சரியான காற்று. அதற்கு மேல் ஏறினால் காற்றுப் பற்றாது. ஏறவே இல்லை என்றால் அதிகம், குலுக்கும்.

இப்போது காளிச்சாமிக்கு வழி தெரிந்தது. ஒரு பக்கம் செம்புத் தண்ணீர், இன்னொரு பக்கம் டயரின் சூடு. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ அந்த எண் ஒளிந்திருந்தது. காலை காலையாக அதைத் துரத்தினார். முப்பத்தாறில் தண்ணீர் துள்ளியது. முப்பதில் டயர் காய்ந்தது. முப்பத்து மூன்றில், கிணத்துக்கடவு போய்ப் பார்த்தபோது நாலரை பவுண்டு ஏறியிருந்தது, நாச்சியம்மாள் மடியில் ஒரு உள்ளங்கைத் தண்ணீர்கூடச் சிந்தவில்லை. ஒரு நாள் சும்மா இருக்கட்டும் என்று இன்னொரு மூட்டையை ஏற்றிப் பார்த்தார். அதே முப்பத்து மூன்றில் வைத்த காற்று ஒன்பது பவுண்டு ஏறிவிட்டது, வெடித்த அன்றைக்கு ஏறின அதே ஏற்றம். அதிகப் பாரத்துக்கு அதிகக் காற்று என்று முப்பத்தெட்டு வைத்தார். டயர் குளிர்ந்தது, செம்பு காலியானது. ஆகவே இந்த ரோட்டில், இந்தப் பாரத்துக்கு, முப்பத்து மூன்று. ஒரு ஆள் கூடினாலும் ஒன்று மகள் குலுங்குவாள், அல்லது டயர் வேகும். கணக்கு அவர் மனசில் ஆணியடித்த மாதிரி நின்றது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவுமில்லை.

வைகாசியில் நாள் குறித்தார்கள். வள்ளியாத்தாள்தான் கட்டுச்சோற்றுக்கு முன்னால் நின்றாள். அத்தை இல்லாமல் என்ன சீர்? புளிச்சோறு, எள்ளுச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு என்று அவள் கிளறிய அண்டாக்களின் வாசனை தெருமுனை வரைக்கும் அடித்தது. நாச்சியம்மாளும் அவளும் உறவுப் பெண்கள் சிலரும் முதல் நாள் ரயிலில் போய்விட்டார்கள். மறுநாள் விருந்து முடிந்ததும் வள்ளியாத்தாளும் உறவுப் பெண்களும் போன வழியே ரயிலில் திரும்புவது, சின்னாத்தாளையும் அவள் தாயையும் காளிச்சாமி காரில் கூட்டி வருவது. அப்படித்தான் ஏற்பாடு, அதாவது காளிச்சாமியின் மனசுக்குள் இருந்த ஏற்பாடு.

அவர் விடியும் முன்பே காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். சம்பந்தி வீட்டு வேப்பமர நிழலில் நிறுத்தி, டயரை ஆறவிட்டு, கேஜ் வைத்து முப்பத்து மூன்று பிடித்தார். வெயில் நகர நகர வண்டியைத் தள்ளி நிழலுக்குள் வைத்தார். உள்ளே பெண்ணுக்கு வளையல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள், இவர் வெளியே டயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். "சம்பந்தி சாப்பிட வாங்க" என்று நாலு பேர் வந்து கூப்பிட்டுப் போனார்கள்.

நல்ல நேரத்தில் சின்னாத்தாளை வெளியே அழைத்து வந்தார்கள். கை நிறைய வளையல், தலை நிறையப் பூ, முகத்தில் பாதிச் சந்தோஷம் பாதிப் பயம். அவளைப் பின் சீட்டில் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் நாச்சியம்மாள், இன்னொரு பக்கம் பொன்னாத்தாள். முன்னால் மாப்பிள்ளை. காளிச்சாமி வண்டியைச் சுற்றிப் போய்ப் பின் டயரைக் கடைசியாக ஒரு தரம் குனிந்து பார்த்தார். அந்த நேரத்தில் வள்ளியாத்தாள் காலி அண்டாவும் கையுமாக வந்து, பின் கதவைத் திறந்து, "சித்தெ நவுந்துக்கங்க, ஆத்தா" என்று உள்ளே ஏறினாள். சோறு கொண்டுவந்தவள் பெண்ணோடுதான் திரும்ப வேண்டும், போன கூட்டம் பிரிந்து வந்தால் ஆகாது என்று இந்தப் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. அவளுக்கு அது சட்டம். அவள் ஏறுவதைப் பார்த்து உறவுப் பெண்களும் இரண்டு பேர் மறுபக்கம் ஏறிக் கால் வைக்கிற இடத்தில் உட்கார்ந்தார்கள். வண்டியில் எள் விழ இடமில்லை.

காளிச்சாமியின் கண்ணுக்கு முன்னால் டயரின் வயிறு பிதுங்கித் தரையோடு அமர்ந்தது. வண்டியில் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. கூடிப்போன மூட்டைதான் தெரிந்தது, வெடிச் சத்தம் காதில் கேட்டது.

"எறங்குங்க" என்றார்.

கீழே உட்கார்ந்த பெண்கள் இரண்டு பேரும் விளையாட்டென்று நினைத்துச் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். வள்ளியாத்தாள் அண்டாவை மடியில் வைத்துக்கொண்டு, "எடுடா வண்டிய, நேரம் போகுது" என்றாள்.

"நீயும் எறங்குக்கா."

"என்னடா சொல்ற?"

"பாரம் தாங்காது. எறங்கு."

சம்பந்தி வீட்டுச் சனம் முழுவதும் வாசலில் நின்றது. யாரோ ஒரு சின்னப் பெண் களுக்கென்று சிரித்தது. நாச்சியம்மாள், "என்னங்க இது, அவுங்களப் போயி..." என்று ஆரம்பித்தவள், புருஷன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அக்காவிடம் ஒரு 'ங்க' இல்லாமல் பேசியிராத மனுஷர், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது அவர் இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை.

வள்ளியாத்தாள் இறங்கினாள். பெரிய உடம்பு, இறங்க நேரமாயிற்று. அண்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டாள். சின்னாத்தாளின் கன்னத்தை ஜன்னல் வழியாகத் தொட்டு, "பத்திரமாப் போயிட்டு வா, அம்மணி" என்றாள். அப்புறம் தம்பியிடம் திரும்பினாள். அவளுடைய அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்றோ, பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

"உன்னைச் சுமந்தப்ப எனக்குப் பாரமுன்னு தெரியலடா. இனி உன்ற ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

காளிச்சாமி வண்டியை எடுத்தார்.

ஒரு ஆள் கூடினால் டயர் வெடித்தே தீருமா? தீராது. வெடிக்காமலும் இருக்கலாம். அந்தக் காலத்தில் இதே மாதிரி வண்டிகளில் ஒரு கல்யாணக் கூட்டமே தொங்கிக்கொண்டு போகவில்லையா? காளிச்சாமிக்கு அந்த 'இருக்கலாம்' பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பொன்னாத்தாள் உடுமலை வரைக்கும் மருமகளின் வயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள், எங்கேயாவது ஒரு குலுக்கல் கிடைக்காதா என்று. பொள்ளாச்சி வருவதற்குள் சின்னாத்தாள் தாயின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் பொன்னாத்தாளும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். கிணத்துக்கடவில் காளிச்சாமி வண்டியை நிறுத்திக் கேஜை வைத்தார். நாலரைதான் ஏறியிருந்தது. அங்கேயே ரோட்டோரத்தில் உட்கார்ந்துகொண்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை பயந்து போய், "ஏனுங்க மாமா, ஏதாச்சும் பண்ணுதுங்களா?" என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டினார். மாலைக்குள் எல்லோரும் கோயமுத்தூர் சேர்ந்துவிட்டார்கள்.

ஆடியில் சின்னாத்தாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம். குழந்தை போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் எழுந்து வந்தார்கள். காளிச்சாமி அன்றைக்கே இருகூர் போனார். அக்கா வீட்டு வாசலில் மாமன்தான் நின்றார். "பொண்ணுங்க மாமா. ரெண்டு பேரும் நல்லா இருக்கறாங்க" என்று சொல்லிவிட்டு, உள்ளே பார்த்தபடி நின்றார். உள்ளேயிருந்து பாத்திரம் கழுவுகிற சத்தம் வந்தது, ஆள் வரவில்லை. அடுத்த அமாவாசைக்கும் போனார். அன்றைக்கும் அப்படியே. வெறும் வயிற்றோடு திரும்பி வந்தார். அவருக்கு அழுகை வந்தது, வழியில் அழுதார்.

ஆவணியில் ஒரு பகல் வேளை. காளிச்சாமி சவாரிக்குப் புறப்பட்டு வெளியே வந்தால், தெருவில், வாசற்படிக்கு இரண்டு எட்டுத் தள்ளி வள்ளியாத்தாள் நிற்கிறாள். ரயிலிறங்கி நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. கையில் ஒரு சின்னத் துணி மூட்டை, குழந்தைக்குத் தைத்த சட்டைகள்.

"புள்ளையத் தூக்கிட்டு வா" என்றாள்.

"உள்ள வாங்கக்கா."

"வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொன்னேன். தெரு சர்க்காருது. தூக்கிட்டு வாடா."

சின்னாத்தாளே குழந்தையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். வள்ளியாத்தாள் தெருவில் நின்றபடி வாங்கினாள். உள்ளங்கால் முதல் உச்சி வரைக்கும் பார்த்தாள், காதை மடக்கிப் பார்த்தாள், மூக்கை நீவிவிட்டாள். "எங்க ஆத்தா மூஞ்சிதான், சந்தேகமே இல்ல" என்றாள். சந்தோஷமும் அழுகையும் அவளுக்கு ஒன்றாக வந்தது. குழந்தையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன்டா, நெசத்தச் சொல்லு. நான் ஏறியிருந்தா அந்த டயரு வெடிச்சிருக்குமா?"

வெடித்திருக்கும் என்று சொன்னால் காளிச்சாமி செய்தது சரியாகிவிடும். வெடித்திருக்காது, நான்தான் முட்டாள் என்று சொன்னால் அக்காவின் மனசு ஆறிவிடும். இரண்டில் எதைச் சொன்னாலும் அன்றைக்கே காரியம் முடிந்திருக்கும். காளிச்சாமிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, பேசியே பழக்கமில்லை.

"தெரியாதுங்கக்கா" என்றார்.

பிறகு என்ன ஆயிற்றோ, அவர் பேச ஆரம்பித்தார். இருபத்தெட்டில் வெடித்ததைச் சொன்னார். கவிழ்ந்த மூட்டைக்கு அடியிலிருந்து நாச்சியம்மாள் எழுந்து வந்ததைச் சொன்னார். கூட ஒரு மூட்டை வைத்ததும் டயர் காய்ந்ததை, காற்று வைத்ததும் தண்ணீர் கொட்டியதை, முப்பத்து மூன்றை, எல்லாவற்றையும் சொன்னார். மகளுக்கு இன்னொரு தடவை அப்படி ஆனால் தன்னால் தாங்க முடியாது என்று சொன்னார். கதவருகில் நாச்சியம்மாள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்ட பேச்சையெல்லாம் கூட்டினாலும் இவ்வளவு வராது. தன் மடியில் இருந்த செம்புத் தண்ணீரை வைத்து அவர் எதை அளந்தார் என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

வள்ளியாத்தாள் முழுவதையும் கேட்டாள். குழந்தை அவள் தோளில் தூங்கிவிட்டிருந்தது.

"இத அன்னிக்கு அந்த வாசல்ல சொல்றதுக்கு என்னடா?" என்றாள். "புள்ளைக்கு ஆகாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நீயா கதவத் தொறக்கற வரைக்கும் உக்காந்திருப்பனா நானு? நானே எறங்கியிருப்பனே, சாமி."

காளிச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். "உள்ள வாங்கக்கா" என்று மறுபடியும் சொன்னார். அவள் வரவில்லை, சொன்ன சொல் சொன்னதுதான். நாச்சியம்மாள் சோற்றைத் தட்டில் போட்டுத் தெருவுக்கே கொண்டுவந்தாள். குழந்தையை யார் கையிலும் கொடுக்காமல், நின்றுகொண்டே வள்ளியாத்தாள் சாப்பிட்டாள். வெயில் குழந்தை முகத்தில் விழுந்தது. காளிச்சாமி நகர்ந்து வந்து மறைத்துக்கொண்டு, அவள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றார்.